யார் எலும்பை வைப்பது?

அன்புள்ள கோபால்,

நலம். உங்கள் வீட்டிலும் எல்லோரும் நலம் என்று எடுத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால் சுகந்தி சொல்லியிருப்பாள். இத்தனை நாள் எழுதாததற்குத் திட்டுவதானால் திட்டி முடித்துவிட்டு மேலே படி.

என் முதுகில் கத்தி வைக்கப் போகிறார்கள். இடுப்புப் பகுதியில் நாலாவது முள்ளெலும்பு ஐந்தாவதின் மேல் முன்பக்கமாக நழுவி நரம்பை நசுக்குகிறது. கொஞ்சம் நடந்தாலே கால் மரத்துப்போகிறது. பிசியோதெரபி, ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. இனி இரண்டையும் சேர்த்து ஒரே எலும்பாக்கிவிடுவதென்று முடிவு. முதுகெலும்பைப் பற்றி ராகவன் சார் என்னை வகுப்பில் சொன்னதை நினைவுபடுத்தி எழுதப்போகிறாய், தெரியும். எழுதாதே.

நான் பயந்தது ஸ்குரூவுக்கும் கம்பிக்கும். டாக்டரோ அவையெல்லாம் தற்காலிகக் காவல்தான் என்கிறார். எலும்பு கூடும்வரை பிடித்துக்கொள்வதுதான் உலோகத்தின் வேலை. கூடாமல் போனால் அசைவைத் தாங்கித் தாங்கி அதுவே தளர்ந்துவிடும், முறிந்தும் போகலாம். உண்மையில் முதுகைச் சேர்ப்பது நடுவில் வைக்கிற எலும்பு. "யார் எலும்பை வைப்பது?" என்று சாவகாசமாகக் கேட்டார். அன்றிலிருந்து எனக்கு வேறு பேச்சில்லை. நான் வாயைத் திறந்தாலே வீட்டில் எழுந்து போகிறார்கள். ஆகவே நீ மாட்டினாய்.

என் எலும்பே உத்தமம். உயிரணு, வளரத் தூண்டும் புரதம், சட்டகம் மூன்றும் அதில் இருக்கின்றன. நரம்பை விடுவிக்க வெட்டியெடுக்கும் துண்டுகளையே பொடித்து வைப்பார்கள். போதாவிட்டால் இடுப்பெலும்பின் விளிம்பிலிருந்து எடுப்பார்கள். அங்கேதான் வில்லங்கம். முதுகு ஆறிய பிறகும் எடுத்த இடம் மாதக்கணக்கில் வலித்தவர்கள் உண்டு. 1911இல் நியூயார்க்கில் ஆல்பி என்ற மருத்துவர் காசநோய் அரித்த முதுகுகளுக்கு நோயாளியின் கணைக்கால் எலும்பிலிருந்தே துண்டெடுத்து வைத்தார். நூறாண்டு கழிந்தும் ஒன்றைச் சரிசெய்ய இன்னொன்றை வெட்டும் வழக்கம் போகவில்லை பார்!

கால்சியம் பாஸ்பேட்டில் செய்த செயற்கைத் துகளும் இருக்கிறது. அது கொடிக்குப் போட்ட பந்தல். படர இடம் கொடுக்கும், தானாக முளைக்காது.

நீ உடனே மயங்கக்கூடிய சரக்கு இன்னொன்று: எலும்பை வளரவைக்கும் புரதம், சுருக்கமாக பி.எம்.பி. 1965இல் யூரிஸ்ட் என்பவர் கண்ட உண்மையிலிருந்து பிறந்தது. 2002இல் அமெரிக்காவில் கீழ்முதுகு அறுவைக்கு அனுமதி கிடைத்தது. அனுமதியில்லாத கழுத்திலும் வைத்துப் பார்த்தார்கள். தொண்டை வீங்கி மூச்சுத் திணறியவர்கள் உண்டென்று 2008இல் அரசே எச்சரித்தது. தயாரித்த கம்பெனியின் பணத்தில் நடந்த ஆய்வுகள் பக்கவிளைவுகளைக் குறைத்துக் காட்டின என்று 2011இல் மருத்துவ இதழ் ஒன்று போட்டுடைத்தது. விற்பவனே தராசையும் பிடித்தால் வேறென்ன நடக்கும்? எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மிஞ்சுவது எலும்பு வங்கி. இறந்தவர்கள் தானமாகத் தந்தது. சோதித்து, சுத்தம் செய்து வைத்திருப்பார்கள். பொதுவாக உயிரணு இராது. கூடுவதற்குக் கொஞ்சம் தாமதமாகலாம். ஆனால் இடுப்பை வெட்ட வேண்டாம். டாக்டர் இதைச் சொன்னபோது எனக்கு முருகேசன் நினைவு வந்தது. அவன் வீட்டார் கண்ணோடு எலும்பையும் கொடுக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டபோது நாம் இருவரும் வெளியே நின்றுகொண்டிருந்தோம். எலும்பை வாங்கி யார் என்ன செய்வார்கள் என்று நீதான் கேட்டாய். இப்படித்தான், கோபால். என்னைப்போல ஒருவன் எழுந்து நடப்பான்.

என் விருப்பம் இதுதான்: வெட்டியெடுக்கும் என் துண்டுகளோடு வங்கி எலும்பு கொஞ்சம். டாக்டருக்கும் சம்மதம். ஒரே நிபந்தனை, சிகரெட் கூடாது. நிகோடின் எலும்பைக் கூடவிடாதாம். விட்டுவிட்டேன். சிரிக்காதே. நீ வரும்போது உன் சிகரெட் பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு வா.

சுகந்தியிடம் ஒன்று கேட்டு எழுது. அவள் அண்ணனுக்கு இதே அறுவை நடந்ததே, எலும்பு கூடியதென்று எப்போது படம் எடுத்துச் சொன்னார்கள்? எனக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் என்கிறார்கள். அதுவரை குனியாமல் அவர் எப்படிச் செருப்புப் போட்டார் என்பதையும் கேள்.

உன்,
சீனு