வருவதை நிறுத்தினால்தான் வீடு ஒழியும்

அன்பு நண்பா,

நலம். நீயும் மதினியும் நலந்தானே? தக்கலையில் இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, ஓயவில்லை. மார்த்தாண்டத்திலும் அப்படித்தான் இருக்கும்.

அலமாரியை ஒழிக்க நாள் பார்த்துக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தாய். ஒழிப்பது இருக்கட்டும், முதலில் வருவதை நிறுத்து. எங்கள் முன்னறை மேசையில் நகைக்கடை விளம்பரப் புத்தகங்களும் துணிக்கடை நோட்டீசுகளும் மழை ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிக் கிடந்தன. பிரித்தால், நடுவில் இந்த ஆண்டின் நிலத் தீர்வை ரசீது! அச்சுச் சாயம் ஏறி, பட்டா எண்ணே தெரியவில்லை. வேண்டாத தாள் இடத்தை மட்டுமா அடைக்கிறது? வேண்டியதையும் விழுங்கிவிடுகிறது. அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

இந்தக் கடைகளுக்கு நம் விலாசம் கிடைப்பது பில் போடும் இடத்தில்தான். "போன் நம்பர் சொல்லுங்கள்" என்றால் சொல்லாதே. குலுக்கல் சீட்டையும் நிரப்பாதே. பங்கு வைத்திருக்கிறாயே, அதை மின்வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்கில் மின்னஞ்சலைப் பதிந்துவிடு. அந்தத் தடித்த ஆண்டறிக்கைகள் மின்னஞ்சலிலேயே வந்துவிடும்.

கைப்பேசிக்கு வழி இன்னும் எளிது. ஆங்கிலத்தில் ஸ்டார்ட் என்று எழுதி, இடைவெளி விட்டு, 0 சேர்த்து, விளம்பரத் தொல்லையைத் தடுப்பதற்கான 1909 என்ற எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பு. வங்கியிலிருந்து வரும் ஓடிபி நிற்காது, பயப்படாதே. ஆனால் ஏதாவது ஒரு கடைக்கு நீயே சம்மதம் கொடுத்திருந்தால், அந்தக் கடையின் செய்தி வந்துகொண்டுதான் இருக்கும். கவுண்டரில் வாயைத் திறக்காதே என்று சொல்வது இதற்காகத்தான். 2025 முதல் எஸ்எம்எஸ் அனுப்புநர் பெயரின் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து சேர்த்திருக்கிறார்கள். 'பி' இருந்தால் விளம்பரம், 'ஜி' இருந்தால் அரசுச் செய்தி. பதிவு செய்த பிறகும் தொல்லை வந்தால், ஏழு நாளுக்குள் அதே 1909-இல் புகார் செய்யலாம். 140 என்று தொடங்கும் அழைப்பு விற்பனைக்கானது. எடுக்கவே வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் உன்னைக் குழுவில் யார் சேர்க்கலாம் என்பதை 'என் தொடர்புகள்' என்று மாற்று. படங்கள் தாமாக இறங்குவதையும் நிறுத்து. மதினியின் போன் நிறைந்துவிட்டது என்றாயே, காலை வணக்கப் படங்கள்தான் காரணமாக இருக்கும்.

கோயில் கொடை விழா நோட்டீஸையும் கல்யாணக் குறியையும் (அழைப்பிதழையும்) மட்டும் நான் தடுக்க மாட்டேன். அவை நம்மை நினைத்து அனுப்புபவை. உன் பேத்தி கல்யாணத்துக்குக் குறியைத் தபாலில் அனுப்பு. வாட்ஸ்அப் படத்தோடு முடித்துவிடாதே.

மழை விட்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அந்த அலமாரியை இருவரும் சேர்ந்து ஒழிக்கலாம்.

அன்புடன்,
உன் தக்கலை நண்பன்