பெரியப்பா, அந்தத் தேங்காயைப் பற்றி

அன்புள்ள பெரியப்பா,

சித்திரையில் நம்ம காட்டில் போர்வெல் போட்டபோது நான் பேசியது அதிகப்படிதான். உள்ளங்கையில் தேங்காய் வைத்துத் தண்ணீர் பாயிண்ட் பார்க்க வந்தவர் காதுபடவே "இதெல்லாம் ஏமாத்து வேலை, மெஷின் வெச்சுத்தான் பார்க்கணும்" என்றேன். நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோப்புப் பக்கம் போய்விட்டீர்கள். போதாக்குறைக்கு, அவர் காட்டிய இடத்திலேயே 720 அடியில் ஒன்றரை இஞ்ச் தண்ணீர் வந்தது. அன்றிலிருந்து நமக்குள் பேச்சு "சாப்பிட்டாச்சா?" என்பதோடு சரி.

நான் மாறிவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளங்கையில் படுத்திருக்கும் தேங்காய் எழுந்து நிற்பதற்கும் பாறைக்கு அடியில் கிடக்கும் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் மோட்டார் ரூம் வாசலில் நீங்கள் கேட்டது இன்னும் உறுத்துகிறது: "சரி கண்ணு, நீ சொல்ற மெஷின் மட்டும் எப்படித் தண்ணியக் கண்டுபிடிக்குது?"

"பூமிக்குள்ள கரண்ட் விட்டுப் பார்ப்பாங்க" என்றேன்.

"விட்டா?"

அதற்குமேல் எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. கோபம் வந்ததே அதனால்தான்.

ஊருக்குத் திரும்பியதும் தேடிப் படித்தேன். நிலத்தில் நான்கு கம்பிகளை வரிசையாக நடுகிறார்கள். வெளிக்கம்பி இரண்டில் மின்சாரம் செலுத்தி, உள்கம்பி இரண்டுக்கு நடுவே வோல்டேஜ் அளக்கிறார்கள். வெளிக்கம்பிகளைத் தள்ளித் தள்ளி நட்டால் இன்னும் ஆழத்தின் கணக்குக் கிடைக்கும். கெட்டிப்பாறையில் மின்தடை அதிகம், நீர் கோத்த வெடிப்பில் குறைவு. களிமண்ணும் குறைவாகவே காட்டுமாம், அதனால் மெஷினும் ஏமாறும். இதை அன்றைக்கு நான் சொல்லவில்லை, தெரிந்தால்தானே சொல்ல!

தெரியாததைத் தெரிந்ததாக நினைக்கும் இந்த வியாதி எனக்கு மட்டும் இல்லை போலிருக்கிறது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோசன்பிளிட், கைல் என்ற இருவர் 2002-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஜிப், பூட்டு மாதிரி சாமான்கள் எப்படி வேலை செய்கின்றன என்பது எவ்வளவு தெரியும் என்று கேட்டு, மார்க் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். பிறகு படிப்படியாக விளக்கச் சொன்னார்கள். விளக்கி முடித்ததும் பலர் தங்கள் மார்க்கைத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள். யாரும் அவர்களை மட்டம் தட்டவில்லை. நீங்கள் என்னைக் கேட்ட மாதிரி "எப்படி?" என்று கேட்டதோடு சரி.

அதே கேள்வியை நான் உங்களைக் கேட்டிருக்க வேண்டும். தண்ணீர் தேங்காயை எப்படி எழுப்புகிறது? தோப்பில் மூடிக் கிடக்கும் இரண்டு போருக்கும் யார் பாயிண்ட் பார்த்தது? அங்கேயும் தேங்காய் எழுந்ததா? குத்திக்காட்டக் கேட்கவில்லை, அந்தக் கதை எனக்கு நிஜமாகவே தெரியாது.

வருகிற ஞாயிறு வருகிறேன். பெரியம்மாவிடம் சொல்லிக் குடுமியோடு ஒரு தேங்காய் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு காடு முழுக்க முதலில் நான் நடக்கிறேன், அப்புறம் நீங்கள். எங்கெங்கே எழுகிறது என்று பெரியம்மா குச்சி நட்டுவைக்கட்டும். இரண்டு பேர் குச்சியும் ஒரே இடத்தில் விழுந்தால் பாயிண்ட் பார்த்தவர் வீட்டுக்கு நானே போய் மன்னிப்புக் கேட்கிறேன். விழாவிட்டால் மதியம் சட்னி.

உங்கள் தம்பி மகன்