கம்ப்யூட்டர் விற்றவர் டாக்டரான கதை

பாப்பா,

வேலையை விட்டுவிட்டு மறுபடி படிக்கப் போகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. 37 வயதில் யாராவது புத்தகத்தைத் தூக்குவார்களா என்கிறாள். எட் ராபர்ட்ஸ் கதையைச் சொன்னேன், காதில் வாங்கவில்லை, உனக்காவது எழுதுகிறேன்.

பர்சனல் கம்ப்யூட்டர் என்றாலே நீங்களெல்லாம் ஸ்டீவ் ஜாப்ஸிலிருந்துதான் ஆரம்பிப்பீர்கள். அதற்கு முன்பே அமெரிக்காவில், நியூ மெக்சிகோ அல்புகர்க்கியில், ராபர்ட்ஸ், 'மிட்ஸ்' என்று ஒரு சின்னக் கம்பெனி வைத்து கால்குலேட்டர் விற்றுக்கொண்டிருந்தார். சிப் செய்கிற பெரிய கம்பெனிகளே கால்குலேட்டரில் இறங்கியதும் விலை அடிமாட்டு விலைக்கு வந்து, 1974-ல் கழுத்து வரை கடன். அந்த நிலையில் பாங்கில் இன்னும் கடன் வாங்கி, ஆல்டேர் 8800 என்ற கம்ப்யூட்டர் கிட்டை, அதாவது வாங்குகிறவரே பூட்டிக்கொள்ளும் பாகங்களின் தொகுப்பைப் போட்டார். அதன் மூளையான இன்டெல் 8080 சிப்பின் பட்டியல் விலை 360 டாலர். மொத்தமாக எடுக்கிறேன் என்று பேரம் பேசி 75-க்கு வாங்கினார், அதனால்தான் முழு கிட்டையே 397 டாலருக்குத் தர முடிந்தது. கீபோர்டு இல்லை, திரை இல்லை. முகப்பில் வரிசையாக சுவிட்ச், மேலே சிவப்பு விளக்குகள்; பைட் என்கிற ஒவ்வொரு சின்னத் தகவல் துண்டுக்கும் எட்டு சுவிட்சை மேலும் கீழும் தள்ளி வைத்து, இன்னொன்றை அழுத்தி உள்ளே ஏற்ற வேண்டும். மெமரி 256 பைட், இந்தக் கடிதத்தின் முதல் இரண்டு வரிக்கே போதாது.

பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ் 1975 ஜனவரி இதழ் அட்டையில் அதன் படம் வந்தது. அதிலும் ஒரு கூத்து, பத்திரிகைக்கு அனுப்பிய மாதிரிக் கம்ப்யூட்டர் வழியில் தொலைந்துபோய், படத்தில் இருந்தது வெறும் பெட்டி! சில நூறு விற்றால் பிழைத்தோம் என்றிருந்தவருக்கு ஆயிரக்கணக்கில் ஆர்டர். பில் கேட்ஸும் பால் ஆலனும் ஆல்டேரைக் கண்ணால் பார்க்காமலே அதற்கு 'பேசிக்' என்ற புரோகிராம் மொழியை எழுதி, ஆலன் விமானம் ஏறி அல்புகர்க்கிக்கு எடுத்துப் போனார். அவர்கள் மைக்ரோசாஃப்ட் தொடங்கியது அந்த ஊரில்தான்.

நான் சொல்ல வந்தது இனிமேல்தான். 1977-ல் கம்பெனியை பெர்டெக் என்ற இன்னொரு கம்பெனிக்கு விற்றுவிட்டு ராபர்ட்ஸ் ஜார்ஜியாவுக்குப் போய் விவசாயம் பார்த்தார். அப்புறம் மெர்சர் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் சேர்ந்து 1986-ல் பட்டம் வாங்கினார், அப்போது வயது 44. சின்ன வயதிலிருந்தே டாக்டராக வேண்டும் என்பதுதான் ஆசையாம். காக்ரன் என்ற சிற்றூரில் வைத்தியம் பார்த்தார். கம்ப்யூட்டரிலேயே இருந்திருந்தால் எங்கேயோ போயிருப்பார் என்று சொல்கிறவர்கள் உண்டு, எனக்கு அந்தப் பேச்சே பிடிப்பதில்லை.

சரி, பீஸ் எவ்வளவு, எப்போது கட்ட வேண்டும்? உன் பி.எஃப். பணத்தைத் தொடாதே, இங்கே ஒரு டெபாசிட் ஆவணியில் முடிகிறது. அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீயாக இந்தப் பேச்சை எடுக்காதே.

அப்பா