உப்பு பாக்கெட் ஏன் இவ்வளவு கனம்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். குழந்தைகள் மைதாவும் உப்பும் சேர்த்துப் பிசைந்து பொம்மை செய்வதற்கான இந்தப் பருவத்து விடுமுறைப் பெட்டி உங்கள் கைக்கு வந்த வாரத்திலிருந்து பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றிக்கொண்டிருக்கிறது. தராசில் நம் மாவு பாக்கெட் 250 கிராம், உப்பு பாக்கெட் 290 கிராம். கீழே ஒரு வரி: "அட்டையில் மாவில் பாதி உப்பு என்று போட்டுவிட்டு, மாவை விட அதிகமாக உப்பை அடைத்திருக்கிறார்கள். மலிவான சரக்கைப் போட்டு எடையைக் கூட்டும் வேலை." பக்கத்திலேயே, அந்த மாவில் செய்து நடுவில் பிளந்துபோன ஒரு நட்சத்திரம்.

நட்சத்திரம் பிளந்ததில் எங்கள் தவறும் இருக்கிறது. அதைக் கீழே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறோம். எடையைக் கூட்டினோம் என்ற பேச்சை மட்டும் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

செய்முறை அட்டையில் போட்டிருப்பது கப் கணக்கு. 2 கப் மைதா, 1 கப் தூள் உப்பு. 240 மில்லி கப்பில் மைதாவை அழுத்தாமல் நிரப்பினால் 125 கிராம்தான் பிடிக்கும், பாதி காற்றுதான். அதே கப்பில் தூள் உப்பைப் போட்டால் ஏறக்குறைய 290 கிராம் வரும். ஆக 2 கப் மாவு 250 கிராம், 1 கப் உப்பு 290 கிராம். தராசில் என்ன தெரிந்ததோ அதுவேதான் அட்டையிலும் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் வீட்டில் ஒரே டம்ளரால் இரண்டையும் அளந்து நிறுத்துப் பாருங்கள். கிராம் கணக்கையும் அட்டையில் அச்சடித்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. இனி இரண்டும் இருக்கும்.

அந்தப் படத்தை நம்பி உப்பில் பாதியை எடுத்து வைத்துவிட்டுப் பிசைந்தவர்களின் நிலைமைதான் இன்னும் கஷ்டம். உப்பு குறைந்தால் மாவு ரப்பர் மாதிரி ஆகிவிடும். குழந்தை அச்சை அழுத்தி எடுத்த மறு நிமிடமே நட்சத்திரத்தின் முனைகள் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஓவனில் வைத்தால் அப்பளமாகப் பொங்கும், காற்றில் காயவிட்டால் நாலைந்து நாளில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை வராமல் காப்பதும் உப்புதான், அச்சில் எடுத்த வடிவத்தை அப்படியே நிறுத்துவதும் உப்புதான். வீட்டில் இருக்கிற உப்புதானே என்றால், ஆமாம், அதுதான். வேறு எதோ என்று நாங்கள் சொன்னதேயில்லை. கல் உப்பை மட்டும் போட்டுவிடாதீர்கள். இவ்வளவு குறைந்த தண்ணீரில் அது கரையாது. பிஞ்சுக் கையை உரசும், காய்ந்த பிறகு மேலெல்லாம் பள்ளம் பள்ளமாகத் தெரியும்.

இனி எங்கள் தவறு. மாவையும் உப்பையும் அளந்து அனுப்பிவிட்டு, தண்ணீரை மட்டும் "1 கப்" என்று உங்களிடம் விட்டோம். ஒவ்வொரு வீட்டிலும் கப் ஒவ்வொரு அளவு. 300 மில்லி காபிக் கோப்பையில் தண்ணீர் ஊற்றினால் மாவு கையோடு ஒட்டிக்கொண்டு வரும். உடனே வீட்டு மாவை இரண்டு பிடி அள்ளிப் போடுவோம். அதோடு உப்பின் விகிதம் போயிற்று. அந்த மாவில் செய்த பொம்மை பொங்கும், பிளக்கும். பெட்டியிலேயே ஓர் அளவுக் கப் வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை. மன்னியுங்கள். அடுத்த பெட்டியில் கோடு போட்ட கப் வருகிறது.

அதுவரை இப்படிச் செய்யுங்கள். முதலில் 120 மில்லி மட்டும் ஊற்றிப் பிசையுங்கள். பிறகு ஒவ்வொரு கரண்டியாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். பெரும்பாலும் 200 மில்லிக்குள் பதம் வந்துவிடும். மழை நாளில் மாவே ஈரத்தோடு இருப்பதால் இன்னும் குறைவாகப் பிடிக்கும். 10 நிமிடம் பிசைய வேண்டும், இதில் சுருக்குவழி கிடையாது. முதல் மூன்று நிமிடம் குழந்தை, மீதி நீங்கள். உருட்டிய உருண்டையை விரலால் அழுத்தினால் ஓரம் வெடிக்காமல் குழி விழ வேண்டும், விரலில் மாவு ஒட்டக் கூடாது. ஓரம் வெடித்தால் அரைக் கரண்டி தண்ணீர் போதும். குழந்தையின் கையில் கீறல் இருந்தால் உப்பு சுரீரென்று எரியும். அன்றைக்கு வண்ணம் கலக்கும் வேலையைக் கொடுத்துவிடுங்கள்.

மாவை ஒரே தடிமனாகத் தேய்ப்பது பெரியவர்களுக்கே சிரமம். மாவின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பென்சிலைப் படுக்கவைத்து, அவற்றின் மேல் சப்பாத்திக் கட்டையை உருட்டச் சொல்லுங்கள். எவ்வளவு அழுத்தினாலும் பென்சில் தடிமனுக்குக் கீழே, அதாவது சுமார் 7 மில்லிமீட்டருக்குக் கீழே போகாது. தொங்கவிடும் துளையை உறிஞ்சுகுழலால் போடுங்கள், விளிம்பிலிருந்து 1 செ.மீ. உள்ளே. அதைவிட ஓரத்தில் போட்டால் காயும்போது அந்த இடம்தான் முதலில் பிளக்கும். கைத்தடம் எடுப்பதாக இருந்தால் மாவு 1 செ.மீ. தடிமன் வேண்டும். உள்ளங்கையை முதலில் வைத்து, பிறகு ஒவ்வொரு விரலாக நீங்களே அழுத்திவிடுங்கள். குழந்தை தானாக அழுத்தினால் உள்ளங்கை ஆழமாகப் பதியும், விரல்கள் பதியாது.

எங்களுக்கு வந்த படங்களில் முக்கால்வாசி அவசரத்தால் கெட்டவை. ஓவனை 180 டிகிரியில் வைத்தால் மேல்தோல் சட்டென்று இறுகிவிடும். உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் தோலைத் தூக்கும், அதுதான் கொப்புளம். 100 டிகிரி போதும், 2 முதல் 3 மணி நேரம். ஒரு மணி நேரம் ஆனதும் ஒருமுறை திருப்பிப் போடுங்கள். ஓவன் இல்லாதவர்கள் கம்பி வலைத் தட்டில், நிழலில், காற்றோட்டமாக வைக்கலாம், நான்கு நாளாவது ஆகும், தினம் இரண்டு முறை திருப்ப வேண்டும். வெயிலில் வைக்காதீர்கள். மேல்பக்கம் காய்ந்து சுருங்கும், அடிப்பக்கம் ஈரமாகவே இருக்கும். நட்சத்திரம் அகல் விளக்கு மாதிரி வளைந்துகொள்ளும். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். பிளந்துவிட்டதா, தூக்கி எறியாதீர்கள். மீதி மாவைத் தண்ணீர் விட்டுக் குழைத்து விரிசலில் அடைத்து மறுபடி காயவையுங்கள், வண்ணம் பூசினால் தெரியாது.

வண்ணத்தில் தண்ணீர் கலக்காதீர்கள், மேலிருக்கும் உப்பு கரைந்து சொரசொரவென்று ஆகும். வண்ணம் காய்ந்ததும் வார்னிஷ் இரண்டு பூச்சு. முன்பக்கம், பின்பக்கம், துளையின் உட்பக்கமும். அந்தத் துளையைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாக நீரை இழுக்கத் தொடங்கும். பூசாமல் விட்ட இடம் வழியாக அந்த நீர் உள்ளே போய், மூன்று மாதம் நன்றாகத் தொங்கிய பொம்மை ஒரு மழை வாரத்தில் கசிந்து விழுந்துவிடும்.

"ஒரே நாளில் முடியவில்லை" என்றும் சிலர் எழுதியிருந்தீர்கள். முடியாது. நான்கு வயதுக் குழந்தை ஒரு வேலையில் 15 நிமிடம் உட்கார்ந்தாலே பெரிய விஷயம். அதனால்தான் முதல் நாள் பிசைந்து அச்சு எடுப்பது, இடையில் காய்வது, கடைசியில் வண்ணம் என்று விடுமுறை முழுக்கப் பரப்பி வைத்தோம். காயும் நாட்களில் ஊருக்குப் போகிறவர்கள் பெட்டியில் இருக்கும் இலைப் பதிவுத் தாளை எடுத்துச் செல்லுங்கள். இலையின் நரம்புப் பக்கம் மேலே இருக்கட்டும், மேலே மெல்லிய தாள், மேலுறை உரித்த மெழுகு வண்ணக்குச்சியைப் படுக்கவைத்துத் தேய்க்க வேண்டும். புதிதாகப் பறித்த இலையே நல்லது, சருகு நொறுங்கிவிடும். வண்ணக்குச்சிகளை மட்டும் வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிடாதீர்கள்.

இன்னொரு மாற்றம். தாள் வெட்டும் பிரிவில் இருந்த இருவர் விலகிவிட்டார்கள். ஆகவே காற்றாடித் தாள் இனி வெட்டாமல், கோடு மட்டும் அச்சடித்து வரும். 15 செ.மீ. சதுரத்தில் மூலையிலிருந்து மையம் வரை பத்தரை செ.மீ. சொச்சம். வெட்டு 7 செ.மீ.யில் நிற்க வேண்டும், அங்கே சிவப்புப் புள்ளி இருக்கும். புள்ளியைத் தாண்டினால் குண்டூசி குத்தும் இடம் கிழியும். காற்றாடி சுற்றவில்லை என்றால் தாளுக்கும் குச்சிக்கும் நடுவே பாசிமணி இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் அதுதான் காரணம். மணியையும் குண்டூசியையும் பெரியவர்களே கோர்க்க வேண்டும். வீட்டில் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் மணியைக் கண்ணில் படும்படி வைக்காதீர்கள். அச்சுக்கூலியும் அனுப்பும் செலவும் ஏறியதால் முனை மழுங்கிய கத்தரிக்கோல் இனிப் பெட்டியில் இருக்காது. பெட்டிகளும் ஆண்டுக்கு ஆறு என்பது நான்காகிறது, ஏற்கனவே சந்தா கட்டியவர்களுக்கும் இதே கணக்குதான்.

படம் சுற்றிய அதே குழுவில் "எங்கள் வீட்டில் நன்றாக வந்தது" என்று வரிசையாகப் பொம்மைப் படம் போட்டு எங்களுக்காகப் பேசியவர்களுக்கும், பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து பத்து நிமிடமும் சலிக்காமல் பிசைந்த தாத்தா பாட்டிகளுக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி. நீங்கள் இல்லாவிட்டால் இத்தனை பருவம் இந்தப் பெட்டி வந்திருக்காது. மாவு வீணானவர்கள் பெட்டியின் மேல் உள்ள எண்ணை மட்டும் எழுதி அனுப்புங்கள், படம் அனுப்ப வேண்டியதில்லை. மாவு, உப்பு, அளவுக் கப் மூன்றும் அனுப்புகிறோம்.

அன்புடன்,
பெட்டி கட்டும் நாங்கள் எல்லோரும்

பி.கு.: வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் கவனியுங்கள். பிசைந்த மாவும் சரி, காய்ந்த பொம்மையும் சரி, நாய் தின்றால் அவ்வளவு உப்பு அதன் உயிருக்கே ஆபத்து. காயவைக்கும் தட்டை எட்டாத உயரத்தில் வையுங்கள். இது முந்தைய அட்டையில் விடுபட்டிருந்தது.