உள்ளங்கைச் சீனியை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போசாக்கு ஆய்வு செய்ய வருகிறவர்களுக்கு,

வணக்கம். நான் நுவரெலியா மாவட்டத்தில் ஒரு லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். சில வருடங்களுக்கு முன் உங்களைப் போன்ற ஒரு குழுவுக்காக வீடு வீடாகப் போய் உணவுப் படிவம் நிரப்பினேன். 'தேநீருக்கு எத்தனை கரண்டி சீனி போடுவீர்கள்?' என்று அதில் ஒரு கேள்வி. ஒரு அம்மாயி 'போடுறதில்ல' என்றார். பூச்சியம் என்று எழுதினேன். வேலை முடிந்ததும் எனக்கும் சாயத்தண்ணி (பால் சேர்க்காத தேநீர்) ஊற்றித் தந்துவிட்டு, உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கி நக்கி அவர் குடித்தார். அவர் பொய் சொல்லவில்லை. கேள்விதான் அவர் கையைப் பார்க்கவில்லை.

மாதத்தில் எத்தனை தடவை என்று கேட்கும் படிவம், நேற்று முழுவதும் சாப்பிட்டதைச் சொல்லச் சொல்லும் முறை, சாப்பாட்டைத் தராசில் நிறுத்து எழுதும் முறை என்று மூன்று வழிகள் உண்டு. முதலாவது மலிவு, சீக்கிரம் முடியும். அதனால்தான் அதையே கொண்டுவருகிறீர்கள். அமெரிக்காவில் 1999-2000இல் 'ஓபன்' ஆய்வில் 484 பேரிடம் இதைச் சோதித்தார்கள். விசேஷமாகக் குறியிட்ட நீரைக் குடிக்கக் கொடுத்து, உடல் உண்மையில் செலவழித்த சக்தியைச் சிறுநீரிலிருந்து கணித்தார்கள். அதோடு ஒப்பிட்டால், நேற்றைய சாப்பாட்டைக் கேட்டபோது ஆண்கள் 12 முதல் 14 வீதமும் பெண்கள் 16 முதல் 20 வீதமும் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். 'எத்தனை தடவை' படிவத்திலோ ஆண்கள் 31 முதல் 36 வீதம், பெண்கள் 34 முதல் 38 வீதம். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், தங்கள் மொழியில், தங்கள் ஊர் உணவுகளுக்காகச் செய்த படிவத்தில் வந்த பிழை இது.

ஒரு படிவத்தை இன்னொரு படிவத்தோடு ஒப்பிட்டு 'ஒத்துப்போகிறது' என்று அறிக்கை எழுதுவது எனக்குப் போதாது. முதல் படிவத்தில் மறந்ததை அதே அம்மா இரண்டாவதிலும் மறப்பார். கிளினிக்கில் முட்டை கொடுக்கச் சொல்லியிருப்பதால் 'வாரம் மூணு முட்டை' என்று இரண்டு தடவையும் சொல்வார். இரண்டும் ஒத்துப்போகும், இரண்டுமே பிழையாக இருக்கும்.

எங்கள் சாப்பாடு எப்படி என்று சொல்கிறேன். சம்பளம் வரும் வாரத்தில் மீன், சில வீட்டில் கோழி. மாதக் கடைசியில் ரொட்டியும் சம்பலும்தான். மாதத்துக்கு ஒரு எண் கேட்டால் எந்த வாரத்தை நினைத்துச் சொல்வது? சோற்றைக் கப்பில் கேட்கிறீர்கள், நாங்கள் அரிசியைச் சுண்டில் அளக்கிறோம். ஒரு வீட்டு ரொட்டியும் அடுத்த வீட்டு ரொட்டியும் ஒரே பாரம் கிடையாது, தேங்காய் விலை ஏறினால் உள்ளே போகும் தேங்காயும் குறையும். வல்லாரை, பொன்னாங்காணி, மணத்தக்காளி எல்லாம் 'கீரை' என்ற ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன. சாப்பிட்ட கையோடு சாயம் குடித்தால் தாவர உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. தேத்தண்ணி எப்போது குடிப்பீர்கள் என்று அந்தப் படிவத்தில் கேள்வியே இல்லை. அப்புறம், எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியாகச் சட்டியை வழித்துச் சாப்பிடும் அம்மாவின் பங்கு எவ்வளவு? அவருக்கே தெரியாது.

2016 கணக்கெடுப்பின்படி தோட்டப்புறங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 31.7 வீதமானோர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாடு முழுவதற்கும் அது 17 வீதமளவில். உயரத்தை நாடாவால் அளந்துவிடலாம். ஏன் வளரவில்லை என்பதற்கு உங்கள் உணவுக் கணக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். அது பிழையானால் எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் உதவியும் பிழையாகிவிடும்.

ஆகவே கேட்கிறேன். எல்லா வீட்டிலும் முடியாது, சரி. ஒரு சிறு தொகுதி வீடுகளிலாவது சமைக்கும்போதும் பரிமாறும்போதும் நிறுத்துப் பாருங்கள். நேற்றைய சாப்பாட்டைச் சம்பளத்துக்கு முன்னும் பின்னும், ஒரு ஞாயிற்றுக்கிழமையும் கேளுங்கள். புரதத்தையும் உப்பையும் 24 மணி நேரச் சிறுநீரில் சரிபாருங்கள். கொழுந்து பறிக்க மலையில் நிற்கும் பெண்ணால் சிறுநீர் சேர்க்கும் போத்தலைத் தூக்கித் திரிய முடியாது, அதனால் அவருடைய ஒரு நாள் சம்பளத்தை ஈடுசெய்து வீட்டிலிருக்க விடுங்கள். படிவத்தை அச்சடிக்க முன் எங்கள் பெண்கள் நாலு பேரிடம் வாசித்துக் காட்டுங்கள்.

விடியற்காலை ரொட்டி தட்டும் நேரத்துக்கு ஒரு தராசோடு வாருங்கள். அடுப்படியில் உங்களுக்கு இடம் இருக்கும்.

இப்படிக்கு,
முன்னாள் படிவக்காரி ஒருத்தி