பள்ளி நாடகத்துக்குப் பணம்: உபயமும் சந்தாவும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூருவின் சிறிய பள்ளிகளில் நாடகக் குழுக்கள் பணமில்லாமல் ஒடுங்கிப்போவதைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். குறையைச் சரியாகவே எடுத்துச் சொன்ன அக்கட்டுரை, தீர்வு என்று காட்டியவை பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியும் இணையவழி நிதி திரட்டலும் மட்டுமே. முப்பது நாற்பது பிள்ளைகள் கொண்ட ஒரு குழுவுக்கு ஆண்டுக்கு வேண்டியது சில பத்தாயிரம் ரூபாய். அதற்காகத் தலைமையாசிரியர் திட்ட அறிக்கையைத் தூக்கிக்கொண்டு நிறுவனம் நிறுவனமாக ஏறி இறங்குவது வீண் அலைச்சல். கூத்தையும் நாடகத்தையும் நடத்திக்காட்டிய நம் முன்னோர் பழக்கத்தில் வைத்திருந்த வழிகளே இதற்குப் போதும் என்பது என் கருத்து.

வட தமிழகத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து பல இரவுகள் தொடர்ந்து நடக்கும்போது, ஓர் இரவின் செலவை ஒரு குடும்பமோ ஒரு தெருவோ உபயமாக ஏற்றுக்கொள்ளும் வழக்கம் உண்டு. திரௌபதியைக் கொண்டாடும் கரக விழாவை ஆண்டுதோறும் காணும் இந்நகரத் தமிழர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளி நாடகத்தின் செலவையும் அவ்வாறே அரங்க வாடகை, ஒலி, ஒளி, ஒப்பனை, படுதா, ஒத்திகை நாட்களின் சிற்றுண்டி என்று பிரித்து, ஒவ்வொன்றையும் ஒருவரின் உபயமாக அறிவிக்கலாம். பொதுவாக நன்கொடை கேட்டால் நூறு ரூபாயோடு நகர்ந்துவிடும் ஜவுளிக் கடைக்காரர், மூன்றாம் காட்சியின் அரண்மனைத் திரை உங்கள் உபயம் என்றால் துணியாகவே எடுத்துக் கொடுப்பார். ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவர் பணம் தரத் தயங்கினாலும் ஒரு மாலைப் பொழுதுக்கு இரண்டு மைக்குகளைத் தருவார். அழைப்பிதழில் உபயதாரர் பெயர்கள் எல்லாம் ஒரே அளவு எழுத்தில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் வலியுறுத்துவேன். எழுத்தின் அளவால் வந்த மனக்கசப்புகளை நம் சங்கங்களில் நிறையவே பார்த்தாகிவிட்டது.

பலரும் கவனிக்காத வருமானம் ஒன்று பள்ளியின் பீரோவிலேயே பூட்டிக் கிடக்கிறது. பாரதியாரின் தலைப்பாகையும் கறுப்புக் கோட்டும், ஔவையாரின் கோலும் நரைமுடியும், கட்டபொம்மனின் வாளும் ஒருமுறை மேடையேறிய பிறகு அடுத்த ஆண்டுவிழா வரை வெளிச்சத்தைக் காண்பதில்லை. இதே நகரில் சுதந்திர தினத்துக்கும் குழந்தைகள் தினத்துக்கும் மாறுவேடப் போட்டி என்றவுடன், பெற்றோர் முந்தின நாள் மாலையில் வாடகை உடைக்காகக் கடை கடையாக அலைகிறார்கள். நாடகக் குழுவே ஓர் உடைக் கிடங்கு நடத்தினால் என்ன? நாள் வாடகை ரூ. 200, திருப்பித் தரப்படும் முன்பணம் ரூ. 300 என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வோர் உடைக்கும் ஒரு படமும் அளவும் எழுதிய பதிவேடு இருந்தால் போதும். அதைப் பராமரிப்பதை உயர் வகுப்பு மாணவர்களிடமே விடலாம். மேடையில் நிற்கக் கூச்சப்படும் பிள்ளைக்கும் குழுவில் ஒரு வேலை கிடைக்கும். வாடகைப் பணத்தில் முதலில் சலவைக்கும் தையலுக்கும் எடுத்துவைத்துவிட வேண்டும். இல்லையெனில் இரண்டாம் ஆண்டில் கிடங்கு கந்தலாகிவிடும். வீடுகளில் உடுத்தாமல் கிடக்கும் பட்டுப் புடவைகளையும் வேட்டிகளையும் கேட்டு வாங்கினால் முதலீடும் தேவைப்படாது.

அடுத்தது சந்தா. தொழில்முறை நடிகரல்லாதோர் சேர்ந்து நாடகம் நடத்தலாம் என்று காட்டிய சுகுண விலாச சபையைப் பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சென்னையில் தொடங்கினார். ஆண்டுச் சந்தா கட்டிய உறுப்பினருக்கு நாடகம் காட்டும் சபாக்கள் பிற்காலத்தில் அந்நகரில் பெருகின. பள்ளியும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ. 600 என்று சந்தா பெற்று, ஒரு முழு நாடகமும் இரண்டு வாசிப்பு நாடகங்களும் தரலாம். வாசிப்பு நாடகத்துக்குத் திரையோ அரங்கமோ தேவையில்லை. பிள்ளைகள் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு குரலாலேயே நடிப்பார்கள். பொங்கலை ஒட்டி அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பொதுக்கூடத்தில் அதை நடத்தச் சங்கங்கள் மகிழ்ச்சியோடு இடம் தரும்.

ஒரு சட்டச் சிக்கலையும் சொல்லியாக வேண்டும். மாணவர், ஆசிரியர், பெற்றோர் முதலிய பள்ளியோடு தொடர்புடையோர் முன்னிலையில் மட்டும் பள்ளி நடத்தும் நாடகத்துக்கு 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் விலக்கு அளிக்கிறது. வெளியாருக்கு நுழைவுச்சீட்டு விற்றால் அந்த விலக்கை நம்ப முடியாது. நாடகத்தை எழுதியவரின் அனுமதி வேண்டும். இந்த உரிமை எழுதியவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை நீடிப்பதால், 1922-இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களுக்குத் தடையில்லை. 1964-இல் மறைந்த பம்மலாரின் நாடகங்களும் இப்போது அந்த வரம்பைக் கடந்துவிட்டன. தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் கதைகளையும் நாடகமாக்கலாம். கன்னட நாடகம் ஒன்றைத் தமிழில் நடிப்பதானால் மொழிபெயர்த்தவரின் உரிமையையும் பார்க்க வேண்டும்.

குலுக்கல் சீட்டு விற்பதை நான் ஆதரிக்கவில்லை. கர்நாடகத்தில் லாட்டரிக்கு 2007 முதல் தடை இருக்க, பரிசுக் குலுக்கல் என்று பெயர் மாற்றிப் பள்ளிகள் வம்பை விலைக்கு வாங்க வேண்டாம். சீருடையோடு பிள்ளைகளை வீடு வீடாக அனுப்பிப் பணம் கேட்கச் செய்வது அதைவிட மோசம். பணம் கேட்பது பெரியவர்களின் வேலை. வரும் தொகை ஆசிரியர் ஒருவரின் கைப்பேசி எண்ணுக்குப் போகாமல் பள்ளியின் கணக்குக்கே செல்லுமாறு க்யூஆர் கோடு வைத்து, நாடகம் முடிந்த வாரத்திலேயே வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டால், அடுத்த ஆண்டு உபயதாரரைத் தேடி அலைய வேண்டியிருக்காது.

தங்கள் இதழுக்கும் ஒரு வேண்டுகோள். மாதம் ஒருமுறை, பெங்களூருவின் தமிழ் மாணவர் நாடகங்கள் நடக்கும் நாள், இடம், நேரம் ஆகியவற்றைக் கட்டணமின்றி ஒரு சிறு பத்தியில் வெளியிடுங்கள். அந்தப் பத்தி தங்கள் உபயமாக இருக்கட்டும்.

இங்ஙனம்,
அல்சூர் வாசகர்,
பெங்களூரு – 560 008