குழுவைப் பூட்டிவிட்டுப் படிப்பு வரவில்லை என்பதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரி வாட்ஸ்அப் குழுக்களால் எந்தப் பயனும் இல்லை, எல்லாவற்றையும் கலைத்துவிடலாம் என்று சென்ற வாரம் உங்கள் பக்கத்தில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். பாலிடெக்னிக்கில் மின்னியல் பாடம் எடுக்கிறவன் நான். அவர் சொல்லும் குறை உண்மைதான் என்றாலும் கலைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

பெரும்பாலான வகுப்புக் குழுக்களில் 'அட்மின் மட்டும் மெசேஜ் அனுப்பலாம்' என்று பூட்டுப் போட்டிருக்கிறது. உள்ளே போனால் கட்டணம் கட்டக் கடைசி நாள், நாளை விடுமுறை, ஹால் டிக்கெட் வந்துவிட்டது, ஒரு யூடியூப் லிங்க், ஒரு பிடிஎஃப். 2020 மார்ச்சில் கல்லூரிகளை மூடியபோது அவசரத்துக்குத் தொடங்கியவை இவை. கல்லூரி திறந்து இத்தனை ஆண்டு கழித்தும் நோட்டீஸ் போர்டு வேலையைத் தாண்டவில்லை. பையன் வாயே திறக்க முடியாத இடத்தில் எதைக் கற்றுக்கொள்வான்?

பூட்டில்லாத சந்தேகக் குழு ஒன்றை என் மாணவர்களுக்குத் தனியாக வைத்திருக்கிறேன். அறிவிப்புகளுக்கு அதில் இடமில்லை. ஒரு நாள் இரவு ஒரு பையன் கேட்டான்: "சார், வீட்டுக்கு வர்றது 240 வோல்ட். மூணு ஃபேஸ் மோட்டாருக்கு 415-ங்கிறாங்க. மூணு லைன்னா 720 தானே வரணும்?" பார்த்தேன்; பதில் போடவில்லை. முதலில் வந்தது, "ரூட் 3-ஆல பெருக்குடா, ஃபார்முலா இருக்குல்ல". அடுத்தவன் "நியூட்ரல்ல கொஞ்சம் லாஸ் ஆயிடும்" என்று அடித்துவிட்டான். அதற்கு நாலு தம்ஸ்-அப் வேறு! அரை மணி நேரம் அந்தத் தப்பு அப்படியே கிடந்தது. கை பரபரத்தாலும் நான் தலையிடவில்லை. பிறகு, வகுப்பில் எழுந்து பேசிப் பார்த்திராத ஒரு மாணவி, நோட்டுத் தாளில் ஒரே புள்ளியிலிருந்து மூன்று அம்புகள் வரைந்து, இடையில் 120 டிகிரி என்று குறித்துப் படம் எடுத்துப் போட்டாள். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "மூணும் ஒரே நேரத்துல உச்சத்துக்கு வராது. ஒவ்வொரு அம்பையும் 2.4 சென்டிமீட்டர் வரைஞ்சுட்டு, ரெண்டு முனைக்கும் நடுவுல ஸ்கேல் வச்சுப் பாரு." கேட்டவன் வரைந்து அளந்தான். 4.1-க்கும் 4.2-க்கும் நடுவில் நின்றது; சென்டிமீட்டருக்கு 100 வோல்ட் என்று வைத்தால் அதுதான் அந்த 415. ஸ்கேலோடு படம் எடுத்துப் போட்டான். நியூட்ரல்காரன் சத்தமில்லாமல் தன் மெசேஜை அழித்தான். முதல் நிமிடத்திலேயே நான் பதில் சொல்லியிருந்தால் ஒரு 'தேங்க்யூ சார்' வந்திருக்கும், அவ்வளவுதான்.

ஆசிரியர் சொல்வதை முழுக்க வாங்கிக்கொண்டாலும் கால் பங்குதான் தேறும், உடன் படிப்பவரோடு பழகுவதில் இன்னொரு கால், பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் மீதி அரை என்று நன்னூல் கணக்கே போட்டு வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய பெருந்திரள் இணையப் பாடங்களுக்கு 'மூக்' (MOOC) என்ற பெயர் வரக் காரணமாயிருந்த பாடமும் அந்த வழியில்தான் நடந்தது. 2008-இல் கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் சீமென்ஸும் ஸ்டீபன் டவுன்ஸும் அதை நடத்தினார்கள். கட்டணம் கட்டியவர்கள் சுமார் 25 பேர், இணையத்தில் இலவசமாகச் சேர்ந்தவர்கள் 2,000-க்கும் மேல். அவரவர் எழுதியதை மற்றவர்கள் படித்து விவாதிப்பதுதான் அங்கே பாடமே. 2012-இல் கோர்செரா, எட்எக்ஸ் என்று பெரிய தளங்கள் வந்த பிறகு வீடியோ முன்னால் வந்தது, பேச்சு ஓரத்துக்குப் போனது. ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸில் நடத்திய பாடங்களைப் பற்றி 2019-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வின்படி, 2017-18-இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 3 விழுக்காட்டுக்குச் சற்றே அதிகம். சும்மா எட்டிப் பார்க்க வந்தவர்களும் அதில் அடக்கம் என்பதால் பழி முழுவதையும் வீடியோ மேல் போட மாட்டேன். இருந்தாலும், சந்தேகம் வந்தால் பக்கத்தில் தட்டிக் கேட்க ஆள் இல்லாமல் எத்தனை வாரம் ஒருவன் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பான்?

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் இணையப் பாடங்களில் கேள்வி கேட்பதற்கென்றே மன்றம் உண்டு. அங்கே எட்டிப் பார்க்காத மாணவர்கள் டெலிகிராமில் கூடுகிறார்கள். வாரப் பயிற்சிக்கான விடைகள் '1 பி, 2 டி' என்று அங்கே வரிசையாக வந்து விழும். கூடிக் கற்பதென்று இதற்குப் பெயர் வைத்தாலும் பிட் அடிப்பது பிட் அடிப்பதுதான். மொத்த மதிப்பெண்ணில் பயிற்சிக்கு 25 விழுக்காடுதான். மீதி 75, மையத்துக்குப் போய் உட்கார்ந்து எழுதும் தேர்வுக்கு, அங்கே மாட்டிக்கொள்கிறார்கள். அதனால்தான் எங்கள் குழுவில் விடையை மட்டும் போட அனுமதியில்லை. எப்படி வந்தது என்று கைப்பட எழுதிய தாளைப் போட வேண்டும். பதிவுக்கு இத்தனை மார்க் என்றும் நான் வைக்கவில்லை. வைத்தால் 'நைஸ்', 'சூப்பர்' என்று அறுபது பேரும் எழுதுவார்கள்.

பெண்பிள்ளைகளின் சிக்கல் தனி. வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்ததுமே அவர்கள் நம்பர் வகுப்பு முழுவதன் கைக்கும் போய்விடுகிறது. அன்றிரவே தனியாக 'ஹாய்' வர ஆரம்பிக்கும். நம்பரை மறைத்துக்கொள்ள வசதி இருக்கிறதே என்று எங்கள் குழுவை டெலிகிராமுக்கு மாற்றிய பிறகுதான் அவர்கள் பேசவே தொடங்கினார்கள். என் வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் 18 வயது ஆகவில்லை. அந்த வயதினரின் விவரங்களைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்று 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது. வெளிநாட்டு செயலிகளை நம்பி இதை ஓட்டாமல், வருகைப் பதிவுக்கும் மதிப்பெண்ணுக்கும் இணையதளம் வைத்திருக்கும் தொழில்நுட்பக் கல்வித் துறை அதிலேயே பாடவாரியாக ஒரு சந்தேகப் பகுதி திறந்து தரலாம்.

ஒரு பருவத்துப் பாடங்களில் 40 விழுக்காடு வரை மத்திய அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயத்தில் படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2021-இலேயே வழி செய்துவிட்டது. பாலிடெக்னிக்கிலும் வீடியோப் பாடங்கள் கூடிக்கொண்டே போகும். அப்படிப் படிக்கிறவர்களின் கேள்விகளைக் கவனிக்க ஆசிரியருக்கு நேரம் எங்கே இருக்கிறது? இன்றைக்கு இதை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, சொந்த டேட்டாவில், வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு பார்க்கிறோம். வாரப் பணிச்சுமைக் கணக்கில் இரண்டு பாடவேளையைக் குழுவுக்கென்று ஒதுக்கச் சொல்லி ஓர் அரசாணை போட்டால், பூட்டிக் கிடக்கும் குழுக்களில் பாதியாவது திறக்கும்.

இப்படிக்கு,
மின்னியல் விரிவுரையாளர்,
திண்டுக்கல் மாவட்டம்.